ஸ்டேபிள்காயின் ஒரு டாலரை விட்டு நகர்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மையமில்லாத ஸ்டேபிள்காயின் (ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லாமல், எப்போதும் ஒரு டாலரிலேயே நிற்க வேண்டிய கிரிப்டோ காயின்) ஒன்றைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு கீப்பர் பாட் (ஈட்டை ஏலத்தில் எடுக்கும் தானியங்கி நிரல்) ஓட்டுபவர்களுக்கும், தங்கள் கஜானாவில் அந்தக் காயினை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்து எழுந்து பார்த்தால் திரையில் 0.97 என்று நிற்கும். அந்த நேரத்தில் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதுதான் விஷயம்.

நகையை அடகு வைத்துக் கடன் வாங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. ஈத்தீரியம் பிளாக்செயினின் நாணயமான ஈத்தரை ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டில், அதாவது அந்தச் செயினில் தானாக ஓடும் நிரலில், ஈடாக வைக்கிறீர்கள். அதன் மதிப்பைவிடக் குறைவான தொகைக்குப் புதுக் காயின் அச்சாகி உங்கள் கைக்கு வருகிறது. கடனையும் வட்டியையும் கட்டினால் ஈடு திரும்பும். ஈட்டின் மதிப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஏலம். வித்தியாசம் இரண்டுதான். அடகுக்கடையில் நோட்டீஸ் வரும், தவணை கேட்கலாம், கான்ட்ராக்ட் காத்திருக்காது. பவுன் விலை ஒரே நாளில் பாதியாவதில்லை, ஈத்தர் கிட்டத்தட்ட ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயினை ஒரு டாலரில் நிறுத்தி வைப்பது கணக்குச் சூத்திரம் இல்லை. 0.97க்கு வாங்கி ஒரு டாலர் கடனை அடைத்தால் 3 சென்ட் மிஞ்சும் என்று ஓடி வரும் ஆட்கள்தான் அதை இழுத்துப் பிடிக்கிறார்கள். கடன் வாங்குபவர், ஏலம் எடுப்பவர், இரண்டு சந்தைக்கு நடுவே வாங்கி விற்பவர், எல்லோருமே தங்கள் லாபத்துக்காக வருபவர்கள். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய ஆள் யார், அவர் ஏன் வரவில்லை?

எதையும் தொடுவதற்கு முன்: விலை எங்கே நகர்ந்தது?

ஒரே ஒரு சந்தையில் தெரியும் விலையை நம்பி எதையும் மாற்றாதீர்கள். 2025 அக்டோபர் 10 இரவு கிரிப்டோ சந்தை முழுக்கச் சரிந்தபோது, எத்தீனாவின் ஸ்டேபிள்காயினான யுஎஸ்டிஇ, பைனான்ஸ் (Binance) சந்தையில் 0.65 டாலர் வரை போனது. அதே நேரத்தில் கர்வ் போன்ற ஆன்செயின் குளங்களில் (பிளாக்செயினிலேயே காயின்களை மாற்றிக்கொள்ளும் பொது இருப்புகளில்) அது ஒரு டாலரை ஒட்டியே இருந்தது. காயினுக்குப் பின்னால் இருந்த பணம் எங்கும் போகவில்லை. ஒரு சந்தையின் ஆர்டர் புத்தகத்தில் மட்டும் வாங்க ஆள் இல்லாமல் போயிருந்தது. ஆனால் அந்தச் சந்தை தன் சொந்த விலையை வைத்தே அடமானங்களை மதிப்பிட்டதால், அங்கே அதை ஈடாக வைத்திருந்தவர்கள் உண்மையிலேயே அடிபட்டார்கள்.

இதன் மறுபக்கம் 2020 நவம்பர் 26 அன்று நடந்தது. மேக்கர் நெறிமுறை (கான்ட்ராக்ட்களால் ஓடும் கடன் அமைப்பு) வெளியிட்ட டாய் காயின், காயின்பேஸ் சந்தையில் சிறிது நேரம் 1.30 டாலருக்கு ஏறியது. காம்பவுண்ட் கடன் நெறிமுறை அந்த விலையைப் பார்த்து, டாய் கடன் வாங்கியிருந்தவர்களின் கடன் பெருகிவிட்டதாக எடுத்துக்கொண்டது. சுமார் 8.9 கோடி டாலர் மதிப்புள்ள ஈடு லிக்விடேட் ஆனது, அதாவது கடனுக்காக விற்கப்பட்டது.

ஆகவே குறைந்தது மூன்று இடங்களில் விலையைப் பாருங்கள். அதுவும் 100 காயினுக்கான விலை போதாது. 10 லட்சம் காயின் விற்றால் கைக்கு என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் குளத்தின் விகிதத்தைப் பாருங்கள். கர்வ் மாதிரிக் குளங்களில் இது மிக முக்கியம். பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய குளத்தில் உங்கள் காயின் 80% ஆன பிறகும் விலை 0.99 என்றே காட்டக்கூடும். அந்தக் குளங்களின் வளைவு அப்படி அமைக்கப்பட்டது. நடுவே தட்டையாக இருக்கும், விளிம்புக்கு வந்ததும் செங்குத்தாக விழும். விலைக்கு அலாரம் வைப்பதைவிட விகிதத்துக்கு வைத்தால் சில மணி நேரம் முன்னதாகவே தெரிந்துவிடும்.

அறிகுறி: 0.96, 0.97 என்று வாரக்கணக்கில் கீழேயே கிடக்கிறது

பீதி எதுவும் இல்லை, ஈடு போதுமான அளவு இருக்கிறது, லிக்விடேஷன் ஒழுங்காக நடக்கிறது. ஆனாலும் விலை ஏறுவதில்லை. பெரும்பாலும் வட்டிதான் காரணம்.

கடன் மலிவாகக் கிடைத்தால் எல்லோரும் காயினை அச்சடித்து உடனே விற்றுவிட்டு வேறு எதையாவது வாங்குவார்கள். விற்பவர் நிறைய, வைத்துக்கொள்பவர் இல்லை. ஆவே என்ற கடன் நெறிமுறை 2023 ஜூலையில் தன் ஜிஹெச்ஓ காயினை 1.5% வட்டியில் தொடங்கியபோது இதுதான் நடந்தது. பல மாதம் ஒரு டாலருக்குக் கீழேயே இருந்தது. வட்டியைப் படிப்படியாக ஏற்றி, காயினை வைத்திருக்கவும் ஒரு காரணம் கொடுத்த பிறகுதான் மேலே வந்தது. மேக்கர், அதாவது மேக்கர்டாவோ, 2019இல் இதைவிடக் கசப்பான மருந்தைக் குடித்தது. பிப்ரவரி தொடக்கத்தில் 0.5% இருந்த வட்டிக் கட்டணம் மே மாதத்தில் 19.5% ஆனது. டாய் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

செய்ய வேண்டியது: முதலில் வட்டி. அதோடு, காயினை வைத்திருப்பவருக்கு அந்த வட்டியில் ஒரு பங்கு போகிற மாதிரி சேமிப்புக் கணக்கு. வட்டியை மட்டும் ஏற்றினால் கடன்காரர் போய்விடுவார். சேமிப்பும் இருந்தால் வாங்குபவரும் வருவார்.

வட்டி சரியாக இருந்தும் விலை கிடக்கிறதென்றால், சமீபத்தில் விதியில் என்ன மாற்றினீர்கள் என்று பாருங்கள். சிந்தெட்டிக்ஸ் நெறிமுறையின் எஸ்யூஎஸ்டி காயின் இதற்கு நல்ல பாடம். முன்பெல்லாம் கடன்காரர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கடன் இருந்தது. விலை 0.95க்கு வந்தால் அவரே சந்தையில் மலிவாக வாங்கித் தன் கடனை அடைப்பார். 2025இல் வந்த ஒரு மாற்றத்தில் கடனை எல்லோருக்கும் பொதுவான குளத்துக்கு மாற்றி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெறிமுறையே தள்ளுபடி செய்யும் என்று வைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மலிவாக வாங்கிக் கடனடைக்க வந்த ஆளுக்கு இப்போது கடனே இல்லை. ஏன் வாங்க வேண்டும்? 2025 ஏப்ரலில் எஸ்யூஎஸ்டி 0.70க்கும் கீழே இறங்கியது. ஒரு விதியை எடுக்கும்போது, அந்த விதியால் தினமும் வந்துகொண்டிருந்த ஆள் யார் என்று எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள்.

அறிகுறி: ஒரு டாலருக்கு மேலே ஏறி இறங்க மறுக்கிறது

இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கடன்காரர் இடத்தில் நின்று பாருங்கள்: ஒரு டாலருக்கு விற்ற காயினை 1.08 கொடுத்து வாங்கித்தான் கடனை அடைக்க வேண்டும்.

காரணம் எளிது. காயின் வேண்டும் என்பவர்கள் அதிகம். புதிதாகக் கடன் வாங்கி அச்சடிக்க விரும்புபவர்கள் குறைவு. சந்தை சரியும் நாட்களில் இது இன்னும் மோசமாகும். கடனடைக்க எல்லோரும் காயின் தேடுவார்கள், புதுக்கடன் வாங்க யாருக்கும் துணிவிருக்காது.

மேக்கர் கண்ட தீர்வு யுஎஸ்டிசி, அதாவது சர்க்கிள் நிறுவனம் டாலர் இருப்பை வைத்து வெளியிடும் ஸ்டேபிள்காயின். 2020 மார்ச்சில் அதை ஈடாக ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் பிஎஸ்எம் என்ற மாற்று ஜன்னலைத் திறந்தது. ஒரு யுஎஸ்டிசி கொடுத்தால் ஒரு டாய், ஒரு டாய் கொடுத்தால் ஒரு யுஎஸ்டிசி. ஏலம் கிடையாது, கடன் கிடையாது. விலை அப்படியே ஒரு டாலரில் ஒட்டிக்கொண்டது. பிழை நீங்கியது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் பிழை இடம் மாறியிருந்தது. 2022இல் டாய்க்குப் பின்னால் இருந்ததில் பாதிக்கும் மேல் யுஎஸ்டிசி. அந்த ஆகஸ்டில் அமெரிக்க அரசு பணத்தின் தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் சேவையின் முகவரிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், சர்க்கிள் நிறுவனம் அந்த முகவரிகளில் இருந்த யுஎஸ்டிசியை முடக்கியது. மேக்கரின் ஜன்னலில் இருந்த பணத்தையும் அதே மாதிரி முடக்க முடியும் என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. அடுத்த மார்ச்சில், 2023இல், சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. சர்க்கிளின் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. வார இறுதி, வங்கிகள் திறக்காது. யுஎஸ்டிசி 0.88க்குக் கீழே போனது, டாயும் அதோடு 0.90 பக்கம் இறங்கியது. ஒரு வங்கியின் கதவு மூடியதற்கும் ஈத்தர் ஈட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் டாய் விழுந்தது, காரணம் அந்த ஜன்னல். அதே நாட்களில் ஈத்தரை மட்டும் ஈடாக ஏற்கும் லிக்விட்டியின் எல்யூஎஸ்டி, அடைக்கலம் தேடி வந்தவர்களால் ஒரு டாலருக்கு மேலே போனது.

ஜன்னலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைத்தால் அதற்கு உச்சவரம்பு வையுங்கள். விலை தடம் புரளும்போது ஜன்னல் கட்டணம் தானாக ஏறும்படியும் வையுங்கள். மேக்கரும் அன்று அவசரமாக வரம்பைக் குறைத்துக் கட்டணத்தை 1% ஆக்கியது. அதுவே முன்கூட்டியே கான்ட்ராக்டில் எழுதியிருந்தால் சனிக்கிழமை வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருக்காது.

அறிகுறி: ஈடு ஏலத்துக்குப் போகிறது, ஆனால் கணக்கில் வராக்கடன் சேருகிறது

இதுதான் இந்த வழிமுறையின் இதயம். மற்ற எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

ஒரு பெட்டகத்தை (ஒருவரின் ஈடும் கடனும் இருக்கும் கணக்கை) எடுத்துக்கொள்வோம். 10 ஈத்தர், ஒன்று 200 டாலர் வீதம் மொத்தம் 2,000. இதன் மேல் 1,200 டாய் கடன். விகிதம் 167%. குறைந்தபட்சம் 150% இருக்க வேண்டும். ஈத்தர் 180க்கு வந்தால் ஈடு 1,800, சரியாக 150%. அங்கே ஏலம் நடந்துவிட்டால் எல்லோருக்கும் பணம் கிடைக்கும்; அபராதம் 13% போக மீதி கடன்காரருக்கே திரும்பும். அதே ஈத்தர் 110க்கு வந்த பிறகுதான் ஏலம் முடிகிறது என்றால் ஈடு 1,100, கடன் 1,200. நூறு டாய்க்குப் பின்னால் எதுவும் இல்லை. காகிதத்தில் இருந்த 50% பாதுகாப்பு, ஏலம் முடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைப் பொறுத்து நிற்கிறது அல்லது கரைகிறது.

2020 மார்ச் 12 அன்று ஈத்தர் 190 டாலர் அளவிலிருந்து ஒரே நாளில் ஏறத்தாழ 110க்கு விழுந்தது. ஈத்தீரியம் நெட்வொர்க் நிரம்பி வழிந்தது. காஸ் கட்டணம், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நெட்வொர்க்குக்குக் கட்டும் தொகை, பல மடங்கு ஏறியது. மேக்கரின் ஏலத்தில் அப்போது கடைசி ஏலக் கேள்வி விழுந்து 10 நிமிடத்துக்குள் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை என்றால் கேட்டவருக்கே சொந்தம். பெரும்பாலான கீப்பர் பாட்கள் வழக்கமான காஸ் விலையில் பரிவர்த்தனையை அனுப்பிவிட்டு வரிசையில் சிக்கிக் கிடந்தன. மிச்சமிருந்தவர்களிடம் ஏலம் எடுக்க டாய் தீர்ந்துவிட்டது. சந்தையில் வாங்கலாம் என்றால் டாய் ஒரு டாலருக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. ஒருசிலர் மட்டும் காஸ் அதிகம் கொடுத்து உள்ளே வந்து, பூஜ்ஜியம் டாய் என்று கேட்டார்கள். எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. சுமார் 83 லட்சம் டாலர் மதிப்புள்ள ஈத்தர் ஒரு காசு கொடுக்காமல் கைமாறியது. அபராதம் 13% தானே என்று நம்பியிருந்த பெட்டகக்காரர்களுக்கு மிச்சம் எதுவும் திரும்பவில்லை. நெறிமுறையில் 50 லட்சம் டாய்க்கும் மேல் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க மேக்கரின் நிர்வாக டோக்கனான எம்கேஆரைப் புதிதாக அச்சடித்து ஏலம் விட்டு 53 லட்சம் டாய் திரட்டினார்கள்.

கவனித்துப் பார்த்தால் கான்ட்ராக்டில் ஒரு வரிகூடத் தப்பில்லை. எழுதியபடியே ஓடியது. வர வேண்டிய ஆள் வரவில்லை, அவ்வளவுதான். வழியும் அடைத்திருந்தது, கையில் காசும் இல்லை.

ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் இரண்டாகப் பிரித்துத் தேடுங்கள்.

ஒன்று, வழி. இன்று ஈத்தீரியத்தில் பிளாக் (பரிவர்த்தனைகள் பதியும் தொகுப்பு) நிரம்பினால் அடிப்படைக் கட்டணம் பிளாக்குக்கு 12.5% வரை ஏறும். கேட்பதற்குச் சிறிதாகத் தெரியும். தொடர்ந்து 20 பிளாக் நிரம்பினால், அதாவது 4 நிமிடத்தில், அது 10 மடங்கைத் தாண்டும். உங்கள் பாட்டில் அதிகபட்சக் கட்டணம் என்று ஒரு நிலையான எண்ணை எழுதி வைத்திருந்தால், அது மிக வேண்டிய நான்காவது நிமிடத்தில் செத்துவிடும். நான் ஒரு சிறிய குழுவுக்காக ஓட்டிய பாட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். நான்ஸ் (ஒரு முகவரி அனுப்பும் பரிவர்த்தனைகளின் வரிசை எண்) 41 பழைய கட்டணத்தில் போய் மாட்டிக்கொண்டது. 42இலிருந்து 60 வரை எல்லாம் நல்ல கட்டணத்தோடு போனவை, ஆனால் 41 நகராமல் அவற்றில் ஒன்றும் நகராது. பதிவேட்டில் "அனுப்பப்பட்டது" என்று பச்சையாக இருந்தது. செயினில் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. மாட்டிய பரிவர்த்தனையை அதே நான்ஸில், குறைந்தது 10% கூடுதல் கட்டணத்தோடு மாற்றி அனுப்பும் வேலையை பாட்டே செய்ய வேண்டும். ஒரே முகவரியிலிருந்து எல்லாவற்றையும் அனுப்பாமல் நான்கைந்து முகவரிகளாகப் பிரியுங்கள். "அனுப்பியது" என்பதற்கு அலாரம் வைக்காதீர்கள், "பிளாக்கில் ஏறியது" என்பதற்கு வையுங்கள்.

இரண்டு, காசு. ஏலம் எடுக்க வருபவர் முன்கூட்டியே உங்கள் காயினைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றால், நெருக்கடி நாளில் யாரிடமும் அது இருக்காது. மேக்கர் 2021இல் ஏல முறையையே மாற்றியது. உயர்ந்த விலையில் தொடங்கி நேரம் போகப் போக இறங்கும். பிடித்த விலையில் ஒருவர் எடுத்தால் அதே பரிவர்த்தனையில் முடிந்துவிடும். இதனால் ஃப்ளாஷ் லோன் (ஈடில்லாமல் வாங்கி அதே பரிவர்த்தனையில் திருப்பும் கடன்) எடுத்து, ஈட்டை வாங்கி, விற்று, கடனடைத்து, லாபத்தோடு வெளியே போகலாம். கையில் ஒரு டாய்கூட இல்லாதவரும் வரலாம். பூஜ்ஜியத்துக்கு அடித்துக்கொண்டு போவதும் கடினம். லிக்விட்டி வேறு வழியில் போனது. ஸ்டெபிலிட்டி பூல் என்று ஒரு குளம். அதில் முன்கூட்டியே எல்யூஎஸ்டி போட்டு வைத்திருப்பார்கள். பெட்டகம் உடைந்தால் அந்தப் பணத்தில் கடன் அடைந்து, ஈத்தர் அவர்களுக்குப் போகும். ஏலமே கிடையாது. அதனால்தான் 110% என்ற மெல்லிய விகிதத்தில் அவர்களால் நடத்த முடிந்தது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. ஆள் நெருக்கடியில் வருவாரா என்று காத்திருக்க வேண்டியதில்லை, அவர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார். குளம் காலியாக இருக்கும் நாளைக்கு என்ன வழி என்பதை மட்டும் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

அறிகுறி: சந்தை அமைதியாக இருக்கிறது, கான்ட்ராக்ட் மட்டும் வேறு விலையைப் பார்க்கிறது

இது ஆரக்கிள் பிழை, அதாவது வெளி விலையைக் கான்ட்ராக்டுக்குக் கொண்டுவரும் அமைப்பின் பிழை. 2019 ஜூன் 25 அன்று சிந்தெட்டிக்ஸில் தென்கொரிய வோன் விலை ஆயிரம் மடங்கு அதிகமாக வந்து விழுந்தது. பல தரவு மூலங்கள் இருந்தன. ஆனால் ஒன்று ஏற்கெனவே செயலிழந்திருந்ததால், இன்னொன்றின் தவறை வடிகட்ட வழியில்லாமல் போனது. ஒரு வர்த்தக பாட் அதற்குள் 3.7 கோடி எஸ்ஈடிஎச் (ஈத்தர் விலையைப் பின்பற்றும் சிந்தெட்டிக்ஸ் டோக்கன்) சேர்த்துவிட்டது. அதன் உரிமையாளர் பேச்சுவார்த்தைக்கு வந்து திருப்பிக் கொடுத்ததால் தப்பித்தார்கள்.

2022 மே மாதம் டெர்ரா செயினின் லூனா டோக்கன் சரிந்தபோது நடந்தது இன்னும் நுட்பமானது. செயின்லிங்க் ஆரக்கிளின் லூனா விலைத்தடத்தில் 0.107 டாலருக்குக் கீழே காட்டாதபடி ஒரு குறைந்தபட்ச வரம்பு இருந்தது. சந்தையில் லூனா ஒரு சென்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வீனஸ் கடன் நெறிமுறை அதை இன்னும் 10 சென்ட் என்றே நம்பியது. செல்லாக்காசான லூனாவை மலிவாக வாங்கி ஈடு வைத்து நல்ல காயின்களை அள்ளிக்கொண்டு போனார்கள், இழப்பு 1.1 கோடி டாலருக்கு மேல்.

பார்க்க வேண்டியவை: எத்தனை மூலங்கள் இந்த நிமிடம் உயிரோடு இருக்கின்றன, கடைசி விலை எப்போது வந்தது, உச்ச வரம்பும் கீழ் வரம்பும் எங்கே. மூலங்கள் குறைந்தால் புதுக்கடனை நிறுத்துங்கள். கடனடைப்பதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். புது விலையை ஏற்பதில் மேக்கர் வைத்திருந்த ஒரு மணி நேரத் தாமதம் போன்ற ஏற்பாடு, தப்பான விலை வந்தால் மனிதர்கள் தலையிட நேரம் தரும். ஆனால் மார்ச் 12 மாதிரி நாளில் அதே ஒரு மணி நேரம் எதிரியாக மாறும். அந்த லாபத்தையும் நஷ்டத்தையும் தெரிந்தே ஏற்க வேண்டும்.

அறிகுறி: விழ விழ வேகம் கூடுகிறது, காயினை மாற்றுபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்

இங்கே ஒரே ஒரு சோதனைதான். காயினுக்கு மாற்றாக நீங்கள் கொடுக்கும் பொருளின் மதிப்பு, அந்தக் காயின் மேல் உள்ள நம்பிக்கையிலிருந்தே வருகிறதா?

டெர்ராவில் அதன் ஸ்டேபிள்காயினான யுஎஸ்டி (UST) ஒன்றைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா அச்சாகி வரும். லூனாவுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? டெர்ராவை எல்லோரும் பயன்படுத்துவார்கள் என்பதிலிருந்து. அந்தப் பயன்பாட்டில் பெரும்பகுதி ஆங்கர் என்ற ஓரிடத்தில், சுமார் 19.5% வட்டிக்காகக் கிடந்தது. 2022 மே 7 அன்று பெரிய தொகைகள் வெளியேறத் தொடங்கின. யுஎஸ்டி மாற்றப்பட, லூனா அச்சாக, லூனா விலை விழ, அடுத்த யுஎஸ்டிக்கு இன்னும் அதிகம் லூனா அச்சடிக்க வேண்டியதாயிற்று. 35 கோடி அளவில் இருந்த லூனாவின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் 6.5 லட்சம் கோடியானது. 80 டாலரில் இருந்தது ஒரு சென்டின் சிறு துளியானது. சேமிப்பில் இருந்த 80,000 பிட்காயினைக் கொட்டியும் நிறுத்த முடியவில்லை. அதில் இருந்த பணம் பலருடைய வாழ்நாள் சேமிப்பு. அதனால்தான் இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் குரல் கடுமையாகிறது.

ஓராண்டு முன்பே இதன் சிறு வடிவம் நடந்துவிட்டது. 2021 ஜூன் 16, பாலிகான் செயினில் அயர்ன் ஃபைனான்ஸ். அயர்ன் காயினுக்குப் பின்னால் முக்கால் பங்கு யுஎஸ்டிசி, மீதி டைட்டன் என்ற சொந்த டோக்கன். 60 டாலருக்கு மேல் இருந்த டைட்டன் சில மணி நேரத்தில் பூஜ்ஜியத்தைத் தொட்டது. அங்கேதான் இன்னொரு பிழையும் வெளிப்பட்டது: டைட்டன் விலை பூஜ்ஜியமாக இருந்தால் மாற்றிக்கொடுக்காதே என்று கான்ட்ராக்டில் ஒரு நிபந்தனை. யுஎஸ்டிசி உள்ளே இருந்தது, மக்களால் எடுக்க முடியவில்லை. கான்ட்ராக்ட் மாற்றத்தைத் தாமதப்படுத்தும் டைம்லாக் முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அளவுரு எதையும் பூஜ்ஜியமாகவும் மிகச் சிறியதாகவும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். யாரும் எதிர்பார்க்காத மதிப்பில்தான் கதவு மாட்டிக்கொள்கிறது.

சோதனைக்கு விடை "ஆமாம்" என்றால், வட்டியும் வரம்பும் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. புதிதாக அச்சடிப்பதை நிறுத்துங்கள். இருக்கும் உண்மையான ஈட்டை, முதலில் ஓடி வந்தவருக்கு முழுதும் கொடுக்காமல், எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுங்கள். ஃப்ராக்ஸ் என்ற ஸ்டேபிள்காயின் பகுதி ஈட்டில் ஓடிக்கொண்டிருந்தது. டெர்ராவுக்குப் பிறகு, 2023 பிப்ரவரியில், முழு ஈட்டுக்குப் போவதென்று வாக்களித்தது. நெருக்கடி வரும் முன்பே அப்படி மாறுவதுதான் ஒரே சரியான நேரம்.

அறிகுறி: ஒரே இரவில் சப்ளை ஏறியது, அல்லது கஜானா காலி

இங்கே சந்தையைத் தேடிப் பயனில்லை, நேராகக் கான்ட்ராக்டின் நிரலுக்குப் போங்கள். 2022 மார்ச்சில் சோலானா செயினில் இருந்த காஷியோ ஸ்டேபிள்காயின், ஈடாக வந்த கணக்கு உண்மையானதுதானா என்பதைக் கடைசி வேர் வரை சரிபார்க்கவில்லை. போலி ஈட்டை வைத்து அளவில்லாமல் காயின் அச்சடித்தார்கள். ஆகவே நாளொன்றுக்கு இவ்வளவுதான் அச்சாகலாம் என்ற வரம்பு கான்ட்ராக்டிலேயே இருக்கட்டும்.

பீன்ஸ்டாக் என்ற ஸ்டேபிள்காயின் நெறிமுறையில், அதே ஆண்டு ஏப்ரல் 17, உள்ளே வந்தவர் வாக்குச்சீட்டோடு வந்தார். முந்தைய நாளே ஒரு தீர்மானத்தைப் பதிவு செய்துவிட்டு, மறுநாள் நூறு கோடி டாலர் அளவுக்கு ஃப்ளாஷ் லோன் எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்கைப் பிடித்து, தீர்மானத்தை நிறைவேற்றி, கஜானாவைத் தன் பக்கம் மாற்றி, கடனையும் திருப்பினார். எல்லாம் ஒரே பரிவர்த்தனையில். நெறிமுறை இழந்தது 18.2 கோடி டாலர். வாக்கு எண்ணிக்கையை முந்தைய பிளாக்கின் இருப்பிலிருந்து எடுங்கள். நிறைவேறிய தீர்மானம் செயலுக்கு வருமுன் சில நாள் காத்திருக்கட்டும். "அவசரம்" என்ற பெயரில் அந்தக் காத்திருப்பைத் தாண்டும் வழி ஒன்று வைத்திருந்தால், தாக்குபவர் வருவது அந்த வழியாகத்தான்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, சப்ளை மட்டும் மாதாமாதம் சுருங்குகிறது

இதற்கு அலாரம் அடிக்காது. பெக் (ஒரு டாலர் பிடிப்பு) நிற்கிறது, வராக்கடன் இல்லை. ஆனால் கடன் வாங்க யாரும் வரவில்லை. மையமில்லாத காயின்களில் நேர்மையாகக் கட்டப்பட்டவை பல இந்த இடத்தில்தான் தேய்ந்தன.

ராய் என்ற காயின் 2021 பிப்ரவரியில் 3.14 டாலரில் தொடங்கியது. டாலரோடு கட்டிப்போடாமல், தன் இலக்கு விலையைத் தானே மெதுவாக நகர்த்திக்கொள்ளும் அமைப்பு. ஈடு ஈத்தர் மட்டும். வடிவமைப்பில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அதை வைத்திருந்தால் மதிப்பு தேய்கிற மாதிரி இலக்கு இறங்கிய காலம் நீண்டது. வைத்திருக்க யார் விரும்புவார்? 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் ஸ்டேக்கிங்குக்கு (ஈத்தரைப் பிணையாகப் பூட்டி, நெட்வொர்க்கை இயக்கி வருமானம் பெறும் முறைக்கு) மாறிய பிறகு இன்னொரு சுமை சேர்ந்தது. ஈத்தரைச் சும்மா ஒரு பெட்டகத்தில் பூட்டி வைப்பவர், ஸ்டேக்கிங்கில் கிடைக்கும் ஆண்டு வருமானத்தை ஒவ்வொரு நாளும் இழக்கிறார். வட்டியே இல்லாத கடன் என்று நீங்கள் சொன்னாலும் அவருக்கு அது 3% வட்டிக் கடன்தான்.

லிக்விட்டியின் முதல் பதிப்பு மறுமுனையில் மாட்டியது. ஆரம்பக் கட்டணம் மட்டும், அப்புறம் வட்டியே இல்லை, யாராலும் மாற்ற முடியாத கான்ட்ராக்ட். உலகில் வட்டி ஏறியபோது எல்யூஎஸ்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. மக்கள் அதைக் கொடுத்து ஈத்தராக மாற்றிக்கொண்டே போனார்கள். அப்படி மாற்றும்போது விகிதம் குறைவாக இருக்கும் பெட்டகத்திலிருந்து முதலில் எடுக்கப்படும் என்பதால், கடன்காரர் பயந்து விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனார். 110% என்பது பெயரளவில் நின்றது.

இரண்டாவது பதிப்பில் இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கடன்காரர் தன் வட்டியைத் தானே குறிக்கிறார். குறைவாகக் குறித்தவரின் பெட்டகம்தான் மாற்றுபவர்களுக்கு முதலில் திறக்கும். நிம்மதி வேண்டுமென்றால் கொஞ்சம் கூடுதல் வட்டி. அந்த வட்டியில் முக்கால் பங்கு ஸ்டெபிலிட்டி பூலில் பணம் போட்டவருக்குப் போகிறது. ஸ்டேக்கிங் வருமானம் தரும் டோக்கனையும் ஈடாக வைக்கலாம். 2025 ஜனவரியில் வெளியிட்டு, சில வாரத்தில் ஸ்டெபிலிட்டி பூலில் ஒரு பிழை கண்டு, எல்லோரையும் வெளியேறச் சொல்லி, மே மாதம் புதிதாக இறக்கினார்கள். மாற்ற முடியாத கான்ட்ராக்டில் பிழை திருத்த வேறு வழியில்லை. அதை ஒளிக்காமல் செய்தார்கள்.

உங்கள் காயினில் இந்த அறிகுறி இருந்தால் ஒரு தாளை எடுத்து, 10 ஈத்தர் வைத்திருக்கும் ஒரு கடன்காரரின் ஓராண்டுக் கணக்கை எழுதுங்கள்: உங்கள் வட்டி, அவர் இழக்கும் ஸ்டேக்கிங் வருமானம், பெட்டகம் திறக்கவும் மூடவும் காஸ், விகிதத்தைப் பாதுகாப்பாக வைக்கக் கூடுதலாகப் பூட்டிய ஈத்தர், காயினை விற்றுத் திரும்ப வாங்கும்போது போகும் சில்லறை. பக்கத்திலேயே, அவர் அதே 10 ஈத்தரை ஆவேயில் வைத்து யுஎஸ்டிசி கடன் வாங்கினால் என்ன ஆகும் என்ற கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அவர் வராததன் காரணம் இருக்கும். அதில் எந்த வரியை உங்களால் குறைக்க முடியும் என்று அங்கிருந்து தொடங்குங்கள்.